உவர்நிலத்தை அளந்த வரலாறு

நமுனுகுலை மலையின் அடிவாரத்துப் பசறையிலிருந்து ஒருவன் உவர்நிலத்தைப் பற்றிப் பேச வருவது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். எங்கள் மண்ணில் உப்பு இல்லை. ஐப்பசி முதல் தை வரையில் பெய்யும் வடகீழ்ப் பருவமழை மலைச்சரிவுகளைக் கழுவி, கரையக்கூடியவற்றையெல்லாம் பதுளை ஓயாவிலும் லொக்கல் ஓயாவிலும் கரைத்து மகாவலிக்கு அனுப்பிவிடுகிறது. எஞ்சி நிற்பது புளித்த மண். அந்தப் புளிப்பைத் தேயிலைச் செடி விரும்புகிறது. அது விரும்பியபடியால்தான் எங்கள் முன்னோர் கடல் கடந்து இம்மலைக்குக் கொண்டுவரப்பட்டனர். இங்குள்ள பிள்ளைகளுக்கு உப்பு என்பது கடையில் வாங்கும் பொட்டலம்; நிலத்தில் விளையும் கேடு என்று அதை எண்ணிப் பார்க்க அவர்களுக்கு இடமில்லை.

எனக்கு அந்த எண்ணம் வந்தது என் தாய்மாமன் வழியாக. 1977 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் அவர் இப்பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தை விட்டுக் குடும்பத்தோடு வடக்கே போனார். அவரைப் போல மலைநாட்டிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. மாமாவுக்குக் கிடைத்தது பரந்தனுக்கு அப்பால், கடல்நீரேரியை நோக்கிச் சரியும் பக்கத்தில் இரண்டு ஏக்கர். முதல் இரண்டு போகம் விளைந்தது. பிறகு கீழ்ப்பாத்திகள் வெளுக்கத் தொடங்கின. நாற்று நட்ட பத்தாம் நாளே நுனி கருகிற்று. பார்வையிட வந்த அலுவலர் ஒருவர், தேயிலை கிள்ளிய கைகளுக்கு வயல்வேலை வராது என்றும், இவர்கள் உழைப்பில் ஊக்கமற்றவர்கள் என்றும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார். அயலவர் அதை நம்பினர். மாமாவே பாதி நம்பினார் என்பதுதான் எனக்கு இன்றும் மனத்தை உறுத்துவது.

அந்த ஒரு வரிக்கு மறுமொழி கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. மறுமொழி சொன்னது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி. நிலத்தின் உப்பை எண்ணால் சொல்ல மனிதன் எப்போது கற்றான், அவ்வெண்ணைப் படமாக வரைய எப்போது கற்றான் என்பதையே இன்று கூற விழைகின்றேன். நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானப் பகுதிகளை என் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர்களிடம் காட்டித் திருத்திக்கொண்டே இங்கு வாசிக்கின்றேன்.

தமிழருக்கு இவ்விடயம் புதிதன்று. உவர் என்றும் களர் என்றும் இரு சொற்களை நம் மொழி வைத்திருக்கிறது. உவர்நிலத்தில் வெண்மையான பொருக்குப் படரும். நாவில் வைத்தால் கரிக்கும். சலவைத் தொழிலாளர் ஆடை வெளுக்க உவர்மண்ணை எடுத்துச் சென்ற காலம் ஒன்று உண்டு. களர்நிலம் வேறு வகை. அங்கே மண் இறுகிக் கிடக்கும். மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் மேலேயே கலங்கி நிற்கும். நாவுக்கு உப்புத் தெரியாமலும் இருக்கும். வள்ளுவர் கல்லாதவருக்கு உவமை தேடியபோது களரைத் தேர்ந்ததை ஆசிரியத் தொழிலில் உள்ள நாங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். உவமையிலுள்ள நிலத்தின் துன்பத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. சோழர் காலத்துச் செப்பேடுகளில், தானமாகக் கொடுத்த ஊரின் எல்லைக்குள் அடங்கியவற்றை வரிசைப்படுத்தும் இடங்களில் களரும் உவரும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. இரண்டும் ஒன்றல்ல என்பது அன்றைய ஊரவருக்குத் தெரிந்திருந்தது. மேனாட்டு இரசாயனம் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. முதலாம் இராசராசன் காலத்து நில அளவை, வேலி என்னும் அலகை நம்பமுடியாத நுண்ணிய பின்னங்கள் வரை பிரித்துக் கணக்கிட்டது. அவ்வளவு நுட்பமாக அளக்கப்பட்டது நிலத்தின் பரப்பு. உப்போ ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரு சொற்களுக்குள்ளேயே நின்றது. எவ்வளவு உண்டு என்று கேட்க வழியில்லை. நாவு சிறந்த கருவிதான். ஆனால் ஒருவர் நாவு மற்றொருவர் நாவோடு ஒத்துப்போவதில்லை. நேற்றுச் சுவைத்ததை இன்று சுவைத்ததோடு ஒப்பிட ஏடும் இல்லை. வழக்கு என்று வந்தால் அலுவலரின் கண்ணுக்கு இருக்கும் மதிப்பு உழவனின் நாவுக்கு இருப்பதில்லை.

ஏடு வைத்திருந்த ஒரு நாடு உண்டு. தைகிரிசு, யூபிரத்தீசு ஆறுகளுக்கு இடைப்பட்ட பழைய மெசொப்பொத்தேமியாவில், கோயில் நிலங்களை அளந்த கணக்கர்கள் களிமண் பலகைகளில் வயல்களின் நிலையைப் பொறித்து வைத்தனர். 1958 இல் தோர்கில்ட் யாக்கப்சன், இராபர்ட் ஆடம்சு என்னும் இரு அறிஞர் இப்பலகைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. கி.மு. 2400 அளவில் உப்பில்லாதவை என்று குறிக்கப்பட்ட சில வயல்கள், கி.மு. 2100 அளவிலான ஏடுகளில் இடையிடையே உப்புப் பூத்தவையாகக் குறிக்கப்பட்டிருப்பதை அவர்கள் கண்டனர். ஒரே வயலை முந்நூறு ஆண்டு இடைவெளியில் இருமுறை பதிந்த ஏடு இது. நான் அறிந்தவற்றுள் மனிதன் எழுதிவைத்த மிகப் பழைய உவர்க்கணக்கும் இதுவே. உப்பைத் தாங்காத கோதுமை படிப்படியாகக் குறைந்து, தாங்கக்கூடிய பார்லி அதன் இடத்தைப் பிடித்தது என்றும், கி.மு. 1700 அளவில் தென்பகுதியில் கோதுமை ஏறக்குறைய கைவிடப்பட்டது என்றும் அவர்கள் வாதித்தனர். சுமேரிய நாகரிகம் உப்பினாலேயே வீழ்ந்தது என்று பிற்காலத்தார் பலர் இதைப் பெருக்கிச் சொன்னார்கள். 1985 இல் பவெல் என்பவர் அதே பலகைகளை மீண்டும் வாசித்து, சொற்களுக்குப் பொருள் கொண்ட முறையிலும் விளைச்சற் கணக்கிலும் ஐயங்களை எழுப்பினார். வழக்கு இன்னும் முடியவில்லை. சரித்திரம் கற்பிப்பவன் என்ற முறையில், ஒரு பேரரசின் வீழ்ச்சிக்கு ஒற்றைக் காரணம் சொல்பவரை நான் நம்புவதில்லை. ஆனால் அந்த இரண்டு ஏடுகளையும் நம்புகிறேன்.

நீர் பாய்ச்சினால் நிலம் ஏன் உவராக வேண்டும்? நல்ல ஆற்றுநீர் என்று நாம் சொல்வதிலும் உப்பு உண்டு. ஒரு லீற்றரில் 160 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். நாவுக்கு அது தெரியவே தெரியாது. அந்நீரை ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்குப் பாய்ச்சினால் ஏறக்குறைய 200 கிலோகிராம் உப்பு வயலுக்குள் வந்துவிடுகிறது. நீர் ஆவியாகிப் போகும், பயிர் குடித்துப் போகும், உப்புப் போவதில்லை. மழையோ வடிகாலோ அதைக் கீழே கொண்டுபோனால் நன்மை. வடிகால் இல்லாத தாழ்நிலத்தில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்துவிட்டால், விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோல மண் அந்நீரை மேலே இழுக்கிறது. உப்பு மேற்பரப்பில் வந்து பூக்கிறது. எங்கள் மலையில் மண் புளிப்பதற்கும் தாழ்நிலத்தில் உவர்ப்பதற்கும் காரணம் ஒன்றே. இங்கிருந்து கழுவப்பட்டது எங்கோ தங்கத்தானே வேண்டும்?

இதைப் பெரிய அளவில் உலகுக்குக் காட்டியது வட இந்தியா. ஆங்கிலேயர் யமுனைக் கால்வாயைப் புதுப்பித்தனர். 1854 இல் கங்கைக் கால்வாயைத் திறந்தனர். பஞ்சத்துக்கு முடிவு கண்டோம் என்று எண்ணியிருந்த வேளையில், கால்வாயோர வயல்கள் வெளுக்கத் தொடங்கின. ‘ரே’ என்று அங்குள்ள உழவர் அதை அழைத்தனர். பாழ்பட்ட நிலத்துக்கு ‘ஊசர்’ என்று பெயர். உழவர்கள் முறையிட்டனர், வரி மட்டும் குறையவில்லை. 1870 களில் ஆராய்ச்சிக் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. எவ்வளவு நிலம் கெட்டது, முன்பே கெட்டிருந்ததா, கால்வாயால் கெட்டதா என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல அன்று போதிய அளவீடு இல்லை. மண்ணை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, நீரில் கரைத்து, வடித்து, வற்றவைத்து, எஞ்சிய உப்பை நிறுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கே அவ்வளவு வேலை என்றால் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை மாதிரி வேண்டும்? ஆகவே வாக்குவாதம் நீண்டது. வெள்ளைப் பொருக்கும் நீண்டது.

வழியைத் திறந்தது மின்சாரம். தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. உப்புக் கரைந்த நீர் கடத்தும். உப்பு மிகுந்தால் கடத்தலும் மிகும். அமெரிக்காவில் மில்ற்றன் விற்னி என்பவரும் அவருடைய உதவியாளர்களும் 1890 களின் இறுதியில், ஈர மண்ணைச் சிறு கிண்ணத்தில் நிரப்பி அதனூடே மின்சாரத்தைச் செலுத்தித் தடையை அளந்து உப்பை மதிப்பிடும் முறையை உண்டாக்கினர். கிண்ணத்தையும் அளவுப் பெட்டியையும் வயலுக்கே தூக்கிக்கொண்டு போகலாம். அந்நாட்டின் மேற்குப் பகுதி மண் அளவைகளில் உவர்ப்படங்கள் வரையப்பட்டது இதன் பயனாகவே. அதே காலத்தில் கலிபோர்னியாவில் ஹில்கார்ட் என்னும் பேரறிஞர், களர்நிலத்தைத் திருத்த உப்பை அலசுவது மட்டும் போதாது, ஜிப்சம் இட வேண்டும் என்று காட்டினார். களிமண்ணைப் பற்றிக்கொண்டு அதை இறுகச் செய்வது சோடியம். ஜிப்சத்திலுள்ள கல்சியம் சோடியத்தை விலக்கி அதன் இடத்தில் அமர்கிறது. பின்னர் நீர் இறங்குகிறது. நம் முன்னோர் களர் என்றும் உவர் என்றும் வேறு பிரித்ததன் உட்காரணம் இதுவே.

தடையின் அலகுக்கு ஓம் என்று பெயர். அது யேர்மானியரான கியோர்க் சைமன் ஓமின் பெயர். தம் விதியை 1827 இல் வெளியிட்ட அவர் பாடசாலை ஆசிரியராக இருந்தவர் என்பதைச் சொல்லாமல் என்னால் கடந்து செல்ல முடியவில்லை. கடத்தல் தடைக்கு எதிர்மாறானது ஆகையால், அவர் பெயரின் ஆங்கில எழுத்துக்களைத் தலைகீழாக்கி ‘மோ’ என்று அதன் அலகுக்குப் பெயரிட்டனர். விஞ்ஞானிகளுக்கும் குறும்பு உண்டு. பிற்காலத்தில் அவ்விடத்தில் சீமென்சு என்னும் பெயர் வந்துவிட்டது.

கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் 1937 இல் உவர் ஆராய்ச்சிக்கென்றே ஓர் ஆய்வுகூடம் எழுந்தது. 1954 இல் எல். ஏ. ரிச்சர்ட்சு பதிப்பித்த அதன் கைந்நூல் உலகெங்கும் ஒரே அளவுகோலைத் தந்தது. மண்ணில் வடித்த நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குழைக்க வேண்டும்; பசை பளபளத்து, கரண்டியிலிருந்து வழுக்கி விழும் பதம் வரும்போது நிறுத்தி, அதிலிருந்து உறிஞ்சியெடுத்த நீரின் கடத்துதிறனை 25 பாகை வெப்பத்துக்குச் சரிசெய்து அளக்க வேண்டும். அந்த எண் இக்கால அலகில் மீற்றருக்கு 4 தெசிசீமென்சைத் தாண்டினால் நிலம் உவர்நிலம். கடல்நீர் 50 அளவில் இருக்கும் என்றால் அந்த 4 எவ்வளவு சிறிது என்று நேயர்கள் எண்ணிக்கொள்ளலாம். தோசை மாவின் பதம் தெரிந்த எந்தத் தாய்க்கும் இந்தப் பதம் பிடிபடும் என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியை ஒருவர் கூறினார்.

எல்லாப் பயிருக்கும் 4 எல்லையன்று. மாசு, ஒவ்மன் என்னும் இருவர் 1977 இல் தொகுத்த அட்டவணைப்படி பார்லி 8 வரை பொறுக்கும், நெல் 3 வரை பொறுக்கும், வெங்காயமோ 1.2 ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். 3 ஐத் தாண்டிய ஒவ்வோர் அலகுக்கும் நெல் விளைச்சல் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வீழ்கிறது. வயலில் அளவு 8 என்றால், பத்துப் புசல் விளைய வேண்டிய இடத்தில் நான்கு புசல்தான் விளையும். அவ்வயலில் உழுதவன் சோம்பேறியா அல்லனா என்பது இக்கணக்கில் எங்கும் வரவில்லை.

அளவு கிடைத்தது, படம் எப்படிக் கிடைப்பது? இது நான் கற்பிக்கும் பூமிசாத்திரத்துக்குள் வரும் கேள்வி. சமவுயரக்கோடு வரையும்போது, 500 அடி என்றும் 600 அடி என்றும் அளந்த இரு புள்ளிகளுக்கு நடுவே 550 அடிக் கோடு எங்கோ போகும் என்று கொள்கிறோம். மலை அதற்கு இடங்கொடுக்கும். உப்பு இடங்கொடாது. இரண்டு நல்ல பாத்திகளுக்கு நடுவே கெட்ட பாத்தி இருக்கும். ஒரு வரப்பின் இப்புறமும் அப்புறமும் வேறுபடும். அளக்காத இடத்தை எவ்வளவு துணிவோடு ஊகிக்கலாம் என்பதற்குக் கணிதம் வந்தது ஒரு தங்கச் சுரங்கத்திலிருந்து. தென்னாபிரிக்காவின் கிரிக் என்னும் பொறியியலர் 1951 இல், சிதறிய சில துளைகளில் கண்ட தங்க அளவைக் கொண்டு இடைப்பட்ட பாறையின் தங்கத்தை மதிப்பிடும் வழியைக் கூறினார்; பிரான்சிய அறிஞர் மத்தெரோன் அதை முழுக் கணிதமாக வளர்த்தார். தங்கத்தைத் தேடப் பிறந்த அந்த முறை பின்னர் உப்பைத் தேடும் மண்ணறிஞர் கைக்கு வந்தது. அம்முறையின் பெருமை ஊகிப்பதில் இல்லை. ஊகத்தில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும் கூடவே சொல்லிவிடுவதில் இருக்கிறது. எல்லாப் படங்களும் அப்படிச் சொல்வதில்லை.

1980 அளவில் கனடாவிலிருந்து மண்ணைத் தோண்டாமலே அளக்கும் கருவி வந்தது. ஒரு மீற்றர் நீளமுள்ள அக்கோலில் இரு சுருள்கள். ஒன்று நிலத்துக்குள் மின்காந்த அலையை அனுப்ப, மற்றொன்று திரும்பி வருவதைக் கேட்கிறது. நடந்துகொண்டே ஒன்றரை மீற்றர் ஆழம் வரை உப்பின் சாயலை அறியலாம். ஆனால் ஈரமும் களியும் அதை ஏமாற்றும். ஆகையால் சில இடங்களிலாவது மண்ணைத் துளைத்தெடுத்துப் பழைய முறைப்படி குழைத்து அளந்து ஒப்பிட வேண்டியிருக்கிறது. செய்மதிப் படங்களுக்கும் இது பொருந்தும். இந்தியாவில் செய்மதியையும் நில ஆய்வையும் சேர்த்து வரைந்த படங்களின்படி உவரும் களருமான நிலம் ஏறக்குறைய 67 இலட்சம் எக்டர். இந்த எண் பலராலும் எடுத்தாளப்படுகிறது. அதன் பின்னால் வெயிலில் துளையிட்டு நடந்த மனிதர்களை எவரும் எடுத்துக் கூறுவதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கை மண்களை இரசாயன முறையில் ஆராயும் பணியை விவசாயத் திணைக்களத்தில் ஏ. டபிள்யூ. ஆர். யோக்கிம் முதலானோர் 1930 களிலேயே செய்துவந்தனர். 1956 இல் கனடாவின் உதவியோடு நாடு முழுவதும் வானிலிருந்து படம் பிடிக்கப்பட்டு, மகாவலிப் பள்ளத்தாக்கின் வளங்கள் பற்றிய பெரிய அறிக்கை 1962 இல் வெளிவந்தது. இதற்கு இடையே 1961 இல், மூர்மன் என்னும் வெளிநாட்டு அறிஞரும் நம் நாட்டு மண்ணறிஞர் சி. ஆர். பானபொக்கவும் இலங்கை மண்களைப் புதிதாக வகைப்படுத்தினர். எங்கள் தேயிலை மலைகளின் செம்மஞ்சள் மண்ணும், வறண்ட வலயத்தின் செங்கபில மண்ணும், யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் மேல் கிடக்கும் செம்மண்ணும், சோடியம் ஏறிய களர் வகையும் அதில் தனித்தனிப் பெயர் பெற்றன. புதிய குடியேற்றங்களுக்கு நிலம் பிரிக்கும்போது எங்கே நெல், எங்கே மேட்டுப்பயிர், எங்கே ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல இத்தகைய படங்கள் தேவைப்பட்டன. படத்தில் ஒரு கோடு அரை அங்குலம் விலகினால் நிலத்தில் எத்தனை குடும்பங்கள் கோட்டின் தவறான பக்கத்தில் விழும் என்பதை, படம் வரைவோர் தாமே அங்கு குடியிருந்தாலன்றி முழுமையாக உணர்வது அரிது. 1976 இல் மகாவலி நீர் பொல்கொல்லையில் திருப்பப்பட்டுக் கலாவெவப் பக்கம் போயிற்று. அங்கே கடல் எட்டாத எச் பகுதியின் பள்ள வயல்களிலும் சில ஆண்டுகளுக்குள் உவர் தோன்றி ஆராயப்பட்டது. உப்புக்குக் கடல் வேண்டியதில்லை. வடிகால் இல்லாமை போதும்.

கடல் மூன்று புறமும் சூழ்ந்த யாழ்ப்பாணத்தாரின் போராட்டம் இன்னும் பழையது. அங்கே ஆறு இல்லை. இருப்பவை உப்பாறும் தொண்டைமானாறும். தொண்டைமான் ஒருவன் உப்பேற்றும் தோணிகள் வருவதற்காக அந்த ஆற்றை வெட்டுவித்தான் என்பது யாழ்ப்பாணத்து மரபுரை. உப்பை வெளியே கொண்டுபோகத் திறந்த அதே வாயில், உப்பை உள்ளே விடாதிருக்க அணை கட்டும் வேலை 1940 களின் பிற்பகுதியில் தொடங்கி 1953 அளவில் முடிந்தது. மழைநீரைத் தேக்கிக் கடல்நீரேரியை மெல்ல நன்னீராக்குவது நோக்கம். 1954 இல் பொறியியலர் எஸ். ஆறுமுகம் இன்னும் விரிந்த திட்டம் ஒன்றை முன்வைத்தார். வன்னியிலிருந்து கனகராயனாறு கொண்டுவந்து வீணே கடலில் சேர்க்கும் நீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் தடுத்து, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக்கு அனுப்பி, குடாநாட்டுக் கிணறுகளையும் வயல்களையும் இனிப்பாக்கலாம் என்றார். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று அதற்குப் பெயர் வந்தது. 1.2 ஐத் தாண்டினாலே வாடும் வெங்காயத்தை நம்பி வாழும் மக்களுக்கு இப்பெயர் எவ்வளவு இனித்திருக்கும்! வேலைகள் ஒருபகுதி நடந்தன. நினைத்தபடி முற்றுப்பெறவில்லை, போர்க்காலத்தில் கதவுகளும் கரைகளும் பழுதடைந்தன.

கனகராயனாறு வந்து விழும் அந்தக் கடல்நீரேரியின் தென்கரையை நோக்கித்தான் என் மாமாவின் இரண்டு ஏக்கர் சரிந்து கிடந்தது.

2002 இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபின் நான் முதன்முறை அங்கே போனேன். மறு ஆண்டு பெப்ரவரியில் விவசாயம் கற்ற ஓர் இளைஞர் கையடக்கக் கருவியோடு அப்பக்கம் வந்தார். மாமாவின் வயலில் பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஆழத்தில் மண்ணெடுத்து, போத்தலில் கரைத்து, தெளியவைத்து அளந்தார். மேற்பாத்திகளில் எண் சிறியதாகவே இருந்தது. கீழ்ப்பாத்திகளுக்கு இறங்க இறங்க ஏறிற்று. மாமா ஆவலோடு, “அப்படின்னா இதுதான் கணக்கா தம்பி?” என்று கேட்டார். “இல்லை ஐயா, மாரி மழை கழுவின பிறகு பார்த்த கணக்கு இது. ஆவணியில் திரும்ப வருகிறேன்” என்றார் அவர். சொன்னபடி வந்தார். ஆவணியில் கீழ் மூலையின் எண் பெப்ரவரி எண்ணின் இருமடங்கைத் தாண்டி நின்றது. அவர் ஒரு தாளில் வயலின் உருவத்தை வரைந்து, பன்னிரண்டு வட்டமிட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு எண்களை எழுதி, இரண்டு திகதிகளையும் இட்டுக் கொடுத்தார். உவர்ப்படம் என்பது ஒரு நாளின் படம். திகதி இல்லாத உவர்ப்படத்தை நம்பக்கூடாது என்று அவர் சொன்னதை என் மாணவருக்கு நான் இன்றும் சொல்லி வருகிறேன்.

மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்றாலும் அந்தத் தாளை அவர் படித்த விதம் வேறு. ஒவ்வொரு வட்டத்திலும் விரலை வைத்து, இங்கேதான் நாற்று கருகிற்று, இங்கே மாடு நீர் குடிக்க மறுத்தது, இங்கே உன் அத்தை நட்ட வாழை பட்டது என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். இருபது ஆண்டுகளாக அவர் கண்ணிலும் நாவிலும் வைத்திருந்த படம் தாளிலுள்ள படத்தோடு பொருந்திற்று. ஒரே ஒரு வட்டத்தில் பொருந்தவில்லை. நடு வரப்பை ஒட்டிய அந்த இடத்தில் எண் சிறியது என்றது தாள். அங்கே பயிர் வராது என்றார் மாமா. இளைஞர் மறுபடியும் துளைத்துப் பார்த்தார். நீர் இறங்காத இறுகிய களி! அது உவர் அன்று, களர். கடத்துதிறனை மட்டும் அளக்கும் பெட்டி அதைக் காணவில்லை, மாமா கண்டிருந்தார்.

அதன்பின் அயலவர் நால்வர் கூடிக் கீழ்ப்புறத்தில் வடிகால் வெட்டினர். மேற்பாதியில் உவர் தாங்கும் நெல்லினம் போடப்பட்டது. கடைசி மூலையை மாமா புல்லுக்கு விட்டுவிட்டார். விளைச்சல் சற்று உயர்ந்தது. பெருக்கெடுத்தது என்று சொல்ல மாட்டேன். சோம்பேறிகள் என்று எழுதிய அந்த அலுவலரின் குறிப்பு எந்தக் கோப்பில் கிடந்ததோ! அதைத் திருத்த எவரும் வரவில்லை. மாமாவும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் தகரப்பெட்டியைத் திறந்து அந்தத் தாளைக் காட்டுவார்.

2009 இல் பெட்டி போயிற்று. இடம்பெயர்ந்து நடந்த வழியில் எங்கே விடப்பட்டது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. 2010 இல் மீள்குடியேற்றத்துக்குப் பின் நான் போனபோது வரப்புகள் அழிந்து வயல் பற்றைக்காடாகக் கிடந்தது. மாமா குனிந்து ஒரு சிட்டிகை மண்ணெடுத்து நாவில் வைத்துத் துப்பினார். “உப்பு இருக்கு. கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு நாக்குக்குத் தெரியல மாப்புள. அந்தப் பையனோட பெட்டி வேணும்” என்றார்.

நான் கொண்டுபோயிருந்த வரைபுத் தாளில் அன்றிரவு அவர் நினைவிலிருந்தே வயலை மறுபடியும் வரைந்தார். பழைய எண்களுள் நினைவில் நின்றவற்றை எழுதவேண்டாம் என்றார். வட்டங்களை மட்டும் இட்டார். நான் மூலையில் திகதி இட்டேன். அந்தத் தாள் பசறையில் என் அலமாரியில் இருக்கிறது. பன்னிரண்டு வட்டங்களில் ஒன்பதுக்குப் பிற்பாடு அவர் மகன் அளந்து எண்களை அனுப்பினான், நான் நிரப்பினேன். மூன்று வட்டங்கள் வெறுமையாக உள்ளன. அவை கடல்நீரேரிப் பக்கத்துக் கீழ் மூலையில் இருப்பவை. அவன் அளக்கப் போன நாளில் அந்த மூலை கண்ணிவெடி அகற்றுவோர் நட்ட சிவப்புக் குச்சிகளுக்கு உட்பட்டதாக இருந்தது.